பாரைக்காரி

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போய்ப் பிடிக்க எந்த மீன் உசத்தி என்று, படகுகளைக் கடலில் இறக்கும் அந்தச் சரிவில் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால் போதும். டீ ஆறிப்போகிற வரைக்கும் சண்டை நடக்கும். மெக்கானிக், சீலா என்பான். அம்பு மாதிரி வந்து அடிக்கும், வாயெல்லாம் பல், செத்த பிறகும் பயமுறுத்தும், அதுதான் மீன் என்பான். ஓய்வு பெற்ற வாத்தியாருக்குக் கொடுவா. கழிமுகத்து நிழலில் உட்கார்ந்தபடியே பிடிக்கலாம், முதுகு வலிக்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு வஞ்சரம். வஞ்சரத்தைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தால் எப்பேர்ப்பட்ட சோப்ளாங்கியும் பெரிய மனுஷனாகத் தெரிவான்.

கிரேன்காரனின் மனைவியை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலேயே அவள் சொல்வாள்.

"பாரைதான்."

"ஏன்க்கா, அது முரட்டு மீனாச்சே. கையை ஒடிச்சிடும்" என்பான் மெக்கானிக்.

"மூஞ்சிக்கு நேரா வந்துதான் அடிக்கும். முதுகுப் பக்கம் அடிக்காது."

எல்லோரும் சிரிப்பார்கள். கிரேன்காரன் எல்லோரையும் விட உரக்கச் சிரிப்பான். அப்புறம் வீட்டுக்குப் போனதும், கதவைச் சாத்தியதும், அந்தப் பேச்சுக்குத் தனியாகக் கணக்குத் தீர்ப்பான்.

அவளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை. லாரி மேல் போர்த்தும் பாய், சந்தைக் கடைகளுக்குக் கூரை, எதுவானாலும் மெழுகேறிய கனத்த துணிதான். அதைப் பெரிய மிஷினுக்குள் தள்ளித் தள்ளி அவள் தோளும் முன்கையும் முறுக்குக் கயிறு போல இறுகியிருந்தன. ஊசி ஒடிந்து பறப்பது அங்கே தினசரி நடப்பு. அவள் புருவத்தில் அப்படி ஒரு வடு உண்டு. உடம்பில் இருந்த வடுக்களில் அந்த ஒன்றுக்குத்தான் அவள் உண்மையான காரணம் சொல்லியிருந்தாள்.

கடலோர ஹோட்டல் ஒன்றை மூடியபோது கிரேன்காரன் அங்கிருந்து ஆரஞ்சு நிற இரட்டைக் கயாக் ஒன்றை வாங்கி வந்தான். உடம்பை உள்ளே நுழைத்து உட்காரும் வகை இல்லை. பலகை மேல் உட்காருவது போல மேலே உட்கார வேண்டும். தனக்குத் துடுப்பு போட ஒரு ஆள் வேண்டும் என்றுதான் மனைவியைக் கூட்டிப் போனான். அவள் தூண்டிலைக் கையில் எடுப்பாள் என்றோ, எடுத்த முதல் பருவத்திலேயே அவன் கண்ணில் படாத மீன்களை எல்லாம் பிடிப்பாள் என்றோ அவன் எதிர்பார்க்கவில்லை. மீனை அவள் பிடிப்பாள். படத்தில் அவன் நிற்பான். இப்படி ஒரு உடன்பாடு, ஒரு பக்கத்தைக் கேட்காமலே ஏற்பட்டது.

இரட்டைக் கயாக்கில் ஒரு முறை உண்டு. கனமான ஆள் பின்னால் உட்கார்ந்து திசை பிடிக்க வேண்டும், லேசான ஆள் முன்னால். முன்னால் இருப்பவருக்குக் கடல் முழுக்கத் தெரியும், பின்னால் இருக்கும் ஆளைத் தவிர. பின்னால் இருப்பவருக்கோ எந்நேரமும் ஒரு முதுகு தெரியும். கயாக் செய்தவன் காற்றையும் அலையையும் கணக்குப் போட்டுத்தான் செய்தான். கட்டிய கணவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடிக்க அவனுக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. துண்டு ஈரமாக இருந்தது, கதவு தாமதமாகத் திறந்தது, தொட்டியில் ஒரு கோப்பை கழுவாமல் கிடந்தது. கழுத்துக்குக் கீழே, சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிப்பான். அந்த அளவுக்கு அவனுக்கு நிதானம் இருந்தது. கோபத்தில் கண் தெரியாமல் அடித்துவிட்டான் என்று சொல்லும் புண்ணியவான்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கண் தெரியாதவனுக்குச் சட்டை எதுவரை மறைக்கும் என்று எப்படித் தெரிந்தது?

ஒருமுறை விலா எலும்பு விரிசல் கண்டபோது, படகில் வழுக்கி விழுந்தேன் என்று மருத்துவரிடம் சொன்னாள். அவர் தைலமும், பார்த்து நடக்கச் சொல்லி ஒரு புத்திமதியும் கொடுத்தார். படகுச் சரிவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். வாத்தியார் மட்டும் ஒரு நாள் அவளைத் தனியாக நிறுத்திப் பேசினார்.

"குடும்பம்னா நாலும் இருக்கும்மா. நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

அந்த நாலு என்னென்ன என்று அவர் கடைசி வரை விளக்கவில்லை. அவள் அக்கம்பக்கத்தாரோ எல்லாம் தலையெழுத்து என்றார்கள். தலையில் எழுத்து இருப்பதாகச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தத் தலையைத் தடவிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், ஒருமுறை அவன் தள்ளிச் சுவரில் மோதியபோது தையல் போட்ட தழும்புதான் முடிக்குள் விரலில் தட்டியிருக்கும்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருப்பதைத் தெரிந்துகொண்ட அன்று, தான் தனியாகப் போகப்போவதாக அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கையைக்கூட நிறுத்தவில்லை.

"போயேன். ஆனா கடலுக்கு வராம உன்னால இருக்க முடியாது. உனக்குப் பாரைப் பைத்தியம். ஒரு நாள் கல்திட்டுக்கு அந்தாண்ட தள்ளிவிட்டுட்டு வந்துடுவேன். பெரிய மீன் இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னா எவன் கேப்பான்? ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவானுங்க."

ஊரை அவன் சரியாகத்தான் எடை போட்டிருந்தான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாளே, போகிற எண்ணத்தை விட்டுவிட்டதாகச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்தினாள். அறைச் சாவி திங்கட்கிழமை கைக்கு வருவதாக இருந்தது. அதுவரைக்கும் எதுவும் மாறாதது போல நடந்துகொள்ள வேண்டும். அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கடலுக்குக் கிளம்பு என்றபோது, மறுத்தால் சந்தேகம் வரும் என்று கிளம்பினாள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை எல்லாம் இறுக்கிக்கொண்டாள். சின்னக் கத்தியை அதன் மார்புப் பக்கம் செருகினாள். அவன் தன் ஜாக்கெட்டை வழக்கம் போல ஆசனத்தில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். சீட் ஈரமாக இருந்தால் அவனுக்குப் பிடிக்காது.

காற்று இல்லை. கல்திட்டைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. திடீரென்று சின்ன மீன்கள் மழைத்துளி தெறிப்பது போல மேலே துள்ளின. கீழே எதுவோ துரத்துகிறது என்று அர்த்தம். அவள் தூண்டில் முனையில் கொக்கியோடு கட்டிய பொய் மர மீனைச் சுழற்றி வீசி, மேல்மட்டத்தில் தத்தித் தத்தி வரும்படி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் தண்ணீர் வெடித்தது. ஒரு பெரிய பாறாங்கல்லைக் கடலுக்குள் போட்டது போன்ற சத்தம். தூண்டில் கழி வில்லாக வளைந்தது. தங்கூஸ் நரம்பு ரீலிலிருந்து கீச்சென்று அலறிக்கொண்டு ஓடியது.

"பாரை! பெரிசு!" என்று கத்தினாள்.

கொக்கியில் மாட்டிய பாரை நேராகக் கல்லை நோக்கி ஓடும். கல் விளிம்பில் நரம்பைத் தேய்த்து அறுத்துவிட்டால் அதற்கு வெற்றி. கயாக்கில் இருப்பவர் அதற்குக் கொஞ்சமும் இடம் கொடுக்கக் கூடாது. மீனை எப்போதும் கயாக்கின் மூக்குப் பக்கமே வைத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் போக விட்டால் ஒரே இழுப்பில் கவிழ்த்துவிடும். அவள் கழியின் அடியை இடுப்பில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்தாள். மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போனது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பை இங்க குடு" என்றது பின்னாலிருந்து குரல்.

"மாட்டேன்."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை வரை அடக்கி வைத்திருந்த ஒன்று, ஒரு நாள் முன்னதாக வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"என்னடி சொன்னே?"

"இது என் மீன். மாட்டேன்."

துடுப்பின் தட்டைப் பக்கம் அவள் பிடரியில் இறங்கியது. ஜாக்கெட்டின் காலர் பாதியை வாங்கிக்கொண்டது. அடுத்தது காதோடு சேர்த்து விழுந்தது. ஒரு பக்கம் உலகமே ஊமையானது. கழுத்து வழியாகச் சூடாக ஏதோ வழிந்தது. திரும்பினால் கழி பக்கவாட்டில் போகும், கயாக் கவிழும். அதனால் அவள் திரும்பவில்லை. முன்னால் ஒரு மிருகம், பின்னால் ஒரு கணவன். முன்னால் இருந்ததற்கு மூளை சின்னது, தன் உயிருக்காகத்தான் சண்டை போடுகிறது, அதை மன்னிக்கலாம்.

உட்கார்ந்தபடி அடித்தால் துடுப்பில் வேகம் போதவில்லை போலும். மீனின் தலையில் அடிக்க வைத்திருக்கும் உருட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு அவன் எழுந்து நின்றான். கயாக்கில் போகிற எவனும் செய்யக்கூடாத காரியம் அது. கோபத்தில் இருப்பவனும் செய்யக்கூடாது. குறிப்பாக, ஜாக்கெட் போடாத அவன் செய்யக்கூடாது. அதே நொடியில் பாரை மூக்குக்கு அடியில் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. கயாக்கும் கூடவே திரும்பியது. அவள் இரண்டு கால்களையும் இரு பக்கமும் தண்ணீரில் இறக்கி, உடம்பைத் தாழ்த்திக்கொண்டாள். நின்றவன் காலடியிலிருந்து கயாக் நழுவிப் போனது. பின்னால் ஒரு பெரிய சத்தம். பாரை அடித்ததை விடப் பெரிய சத்தம்.

அவன் மேலே வந்தபோது இருமிக்கொண்டே கெட்ட வார்த்தை பேசினான். அவன் ஆசனமாகப் போட்டிருந்த ஜாக்கெட் எட்டாத தூரத்தில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. உருட்டுக்கட்டையும் போய்விட்டது. அவன் குளத்தில் நீந்துகிறவன். இங்கே நாலு கை போட்டதும் மூச்சு முட்டியது. எப்படியோ கயாக்கின் வால் பக்கத்துக் கைப்பிடியை எட்டிப் பிடித்தான். பாரை இப்போது இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது.

"ஏத்திவிடுடி!"

"பேசாம பிடிச்சுக்கோ."

இத்தனை வருஷம் அவனை "நீங்க" என்று கூப்பிட்டவள்.

"ஏய், செத்துடுவேன்டி! இனிமே உன்மேல கை வைக்க மாட்டேன். சத்தியமா சொல்றேன்!"

"சத்தியம் வேணாம். கையை எடுக்காம பிடிச்சிட்டிரு, அது போதும்."

தண்ணீரில் விழுந்தவனைக் கயாக்கில் ஏற்ற ஒரு வழி உண்டு. ஒருவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து எடை கொடுக்க, மற்றவர் வயிறு அழுந்தக் குறுக்கே விழுந்து ஏறலாம். அவளுக்கு அது தெரியும், செய்தும் இருக்கிறாள். இன்று செய்யவில்லை. ஏறியதும் முதல் காரியமாக அவன் என்ன செய்வான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றும் மனதில் வந்தது. கைப்பிடி என்பது வெறும் நாடா. கத்தி மார்பில் இருக்கிறது. ஒரே அறுப்பு. பெரிய மீன் இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னா எவன் கேப்பான்? அவன் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். அவள் அதை நன்றாக, வெட்கப்படாமல் யோசித்தாள். பின்னாளில் மெக்கானிக்கிடம் அவளே இதைச் சொன்னாள்: "அவன மாதிரி ஆகறதுக்கா இவ்வளவு அடி வாங்கினேன்?"

பின்னால் தொங்கிய பாரம் மீனைத்தான் முதலில் களைக்க வைத்தது. கிரேன்காரன் தன் வாழ்நாளில் மனைவிக்குச் செய்த ஒரே உதவி அது. பாரை மெல்ல மேலே வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளித் தகடு போன்ற உடம்பு, முறைக்கும் கண். செவுளில் கையை விட்டு மடிக்கு இழுத்தாள். அது வாலால் அவள் தொடையை அறைந்தது, கயாக் ஆடியது. கட்டை இல்லாததால் கத்தியைத் தலைக்குப் பின்னால் இறக்கி, எலும்பு நொறுங்கும் வரை அழுத்தினாள். ரத்தம் மடியை நனைத்து, கயாக்கின் வடிகால் துளைகள் வழியாகக் கடலில் இறங்கிப் பரவியது.

"ரத்தம்! சுறா வரும்டி!" என்று அவன் அலறினான்.

"வந்தா சொல்லு."

துடுப்பு கயிற்றில் கட்டியிருந்ததால் கூடவே மிதந்து வந்தது. அதை இழுத்தெடுத்துக் கரையைப் பார்த்துத் துழாவினாள். ஒரு காது கேட்கவில்லை. அவன் கெஞ்சியதும், திட்டியதும், பிறகு அழுததும் அவளுக்குப் பாதிதான் விழுந்தது. நடுவில் இரண்டு முறை பக்கவாட்டில் தொற்றி ஏறப் பார்த்தான். இரண்டு முறையும் அவள் துடுப்பை ஓங்கினாள். அவன் வாலுக்குத் திரும்பினான்.

படகுச் சரிவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் கால் தட்டுப்பட்டதும் கிரேன்காரன் பழைய ஆளாகிவிட்டான். மற்றவர்கள் பார்க்க ஒரு பெண் தன்னை இழுத்து வந்ததுதான் அவனுக்கு மூழ்கியதை விடப் பெரிய அவமானம். அவள் கரை இறங்கக் கயாக்கின் விளிம்பில் கையை ஊன்றினாள். அவன் துடுப்பைப் பிடுங்கி, அந்தக் கை மேலேயே முழுப் பலத்தோடு இறக்கினான். மூன்று விரல்கள் ஒடியும் சத்தம் டீக்கடை வரை கேட்டது. அவள் தண்ணீரில் மண்டியிட்டாள். அடுத்த அடியைத் தலைக்குக் குறிவைத்தான். இந்த முறை சட்டை மறைக்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

மெக்கானிக் ஓடி வந்து மோதினான். இருவரும் சேற்றுத் தண்ணீரில் புரண்டார்கள். மெக்கானிக்கின் மூக்கு உடைந்தது, கிரேன்காரனின் உதடு கிழிந்தது. கடைசியில் மெக்கானிக் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான்.

"விடுப்பா, விடு" என்றார் வாத்தியார். "அவங்க குடும்ப விஷயம்."

"சார், அவங்க ரத்தம் என் கால்ல ஓடுது. இது எந்தக் குடும்பம்?"

வாத்தியார் தன் காலைப் பார்த்தார். அங்கேயும் தண்ணீர் சிவந்துதான் இருந்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார். டீக்கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்தார். இத்தனை வருஷம் எல்லோர் பையிலும் இருந்த போன்தான்.

திங்கட்கிழமை அறைச் சாவியை அவள் கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் வாங்கிக்கொண்டாள். அவன் காவலில் இருந்தான். வழக்கு வருவதற்கு முன்னால் நாத்தனார் அந்த அறையைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, கடல்ல சாகக் கிடந்தவர நீங்கதானே இழுத்துட்டு வந்தீங்க. மனசுல பாசம் இல்லாமலா? அதே மனசோட இப்பவும் காப்பாத்துங்க. கேஸ வாபஸ் வாங்கிடுங்க."

"தண்ணியில விழுந்த ஆள இழுத்துட்டு வந்தேன். அது எவனா இருந்தாலும் செய்வேன். இது வேற."

"கட்டின புருஷனாச்சே?"

"கட்டினதுனாலதான் அடிச்சான். கட்டாத எவனும் என்னை அடிச்சதில்லையே."

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். கடலைப் பற்றியும் கொஞ்சம் படித்துவிட்டு வந்திருந்தார்.

"கயாக்கில் விழுந்தவரைத் திரும்ப ஏத்திக்க முடியும். அது உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"ஆனா ஏத்தல. சாகட்டும்னு விட்டீங்க."

"விடல. இழுத்துட்டு வந்தேன். ஏத்தல."

"ஏன் ஏத்தல?"

"ஏறினா அடிப்பான்."

"அது உங்க யூகம். மனம் திருந்தி மன்னிப்புக் கேட்டு, சத்தியம்கூடப் பண்ணியிருக்கார். நீங்களே சொன்னீங்க. அப்புறமும் அடிப்பார்னு எதை வச்சு முடிவு பண்ணினீங்க?"

அவள் வலது கையைக் கூண்டின் கட்டை மேல் வைத்தாள். மூன்று விரல்கள் மடங்காமல் மூன்று திசையில் நின்றன.

"கரைக்கு வந்ததும் பண்ணினது இது, சார். அந்தச் சத்தியத்துக்கு அப்புறம்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். தேடியது அதில் இல்லை.

தண்டனை கிடைத்தது. அவள் வாங்கியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதுதான். இரண்டு வருஷம். நன்னடத்தை என்று ஏதாவது சொல்லி அதிலும் குறைப்பார்கள். அவன் நன்னடத்தை எப்படிப்பட்டது என்று கேட்க அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தாழ்வாரத்தில் நாத்தனார் வழிமறித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கோபமும் இருந்தது, அதற்கு அடியில், அவளுக்கே பிடிபடாத ஒரு பயமும் இருந்தது. அவளும் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். நல்ல வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவள்.

"வெளிய வரத்தானே போறார்? அப்ப என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"கதவைத் திறக்க மாட்டேன்."

நாத்தனார் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் அந்த முழுக்கைச் சட்டையை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒடியாத கையால் நாத்தனாரின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தாள்.

"நீ வந்தா திறப்பேன். எந்நேரம்னாலும் வா."